எடுக்காத பொட்டணம்

குற்றால மலை முகடுகளைக் கார்முகில் கவிந்து மூட, அருவிகள் தம் வெண்மை இழந்து செம்மண் குழம்பிச் சினங்கொண்ட களிறுகளென முழங்கி இறங்க, அவ்வெள்ளத்தைச் சுமந்த சிற்றாறு தென்காசியின், அந்நாளில் உச்சி இழந்து நின்ற கோபுரத்தைக் கடந்து, கால்வாய்தோறும் பிரிந்து, குளங்களை நிறைத்துக்கொண்டிருந்த கார்த்திகைக் காலைப்பொழுது அது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. ஊருக்குக் கிழக்கே பூவாடிக்குளம் கரைவிளிம்பைத் தொட்டுவிடும் அளவில் ததும்பி நிற்க, கரையின்கீழ்த் தாழ்ந்த நிலத்தில் குடிசைகள் நனைந்த கோழிகள்போல் ஒடுங்கிக் கிடந்தன.

குளத்தின் இயல்பை அறியாதார் அறிக: மண்கரை நீரைத் தாங்குமேயன்றித் தன்மீது நீர் வழிவதைத் தாங்காது, நூலளவு வழிந்தாலும் அரிப்புண்டு வாய்பிளந்துவிடும். மிகுநீர் வெளியேறவே ஒரு மூலையில் கல்லால் கலிங்கு கட்டுவர். கலிங்கின்மேல் நிற்கும் குத்துக்கற்களின் இடைவெளியில் களிமண்ணும் புல்லும் திணித்தால் நீர்மட்டம் இன்னும் ஏறும். மழை ஓய்ந்தபின் அவ்வாறு அடைப்பது சேமிப்பு. மழை கொட்டும்போது அடைப்பது கொலை.

அம்மழையில் கலிங்கை அடைப்பித்தவர் பெருநிலக்காரர் நல்லக்கண்ணு. அவர் வயல்கள் மேட்டில் இருந்தன. குளம் அவ்வளவு உயர்ந்தால்தான் மேட்டுமடையில் நீர் ஏறி, அவருடைய பிசானப் பருவ நெல் விளையும். கரையடிக் குடிசைவாசி உலகம்மாள் ஓடிவந்து அடைப்பை எடுக்குமாறு மன்றாடியபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முறுவலித்தார்.

"நானா முடிவு சொல்லுதேன்? முப்பிடாதி அம்மன் சொல்லட்டும். பூக் கேப்போம்."

பூக் கேட்டல் அவ்வூரார் தெய்வத்தின் உள்ளம் அறியும் முறை. செவ்வரளி ஒன்றையும் நந்தியாவட்டை ஒன்றையும் தனித்தனி வாழையிலைப் பொட்டணமாய்க் கட்டி அம்மன்முன் இடுவர். கேட்டவர் ஒன்றை எடுப்பார். சிவப்பு வரின் அடைப்பை எடுக்கலாம்; வெள்ளை வரின் தொடலாகாது. எடுக்காத பொட்டணத்தைப் பிரித்தால் தெய்வத்தை ஐயுற்றதாகும் என்று அதனைப் பிரியாமலே குளத்தில் எறிந்துவிடுவது வழக்கம்.

செவ்வரளி ஒன்றோடு நந்தியாவட்டை ஒரு பிடியும் பறித்துக் கொடுத்தவள் நல்லக்கண்ணுவின் மனைவி வடிவம்மாள். பொட்டணம் கட்டியவர் அவர். அவர் கோயிலுக்குக் கிளம்பியபின், நாள்தோறும் செய்வதுபோல் அவருடைய எச்சிற்படிக்கத்தைக் கழுவ எடுத்தவள், கொழகொழத்த செந்நீரில், பாக்குச் சக்கைக்கும் சளிக்கும் நடுவே, தான் பறித்த செவ்வரளி மிதக்கக் கண்டாள். குடல் புரண்டு தொண்டைக்கு ஏறிற்று. இத்தனை ஆண்டு அவருடைய வாயிலிருந்து "எல்லாம் அவ திருவுளம்" என்று வழிந்த சொற்களெல்லாம் இந்தப் படிக்கத்தில் ஊறியவையோ என்று தோன்ற, அவருக்கு உண்ண இட்ட தன் கையே அவளுக்கு நாறியது. ஆயினும் அக்கையாலேயே பூவை எடுத்து, இலைக்கிழிசலில் பொதிந்து, மடியில் செருகிக்கொண்டு மழையில் நடந்தாள்.

குளக்கரைக் கோயிலில் உலகம்மாள் ஒரு பொட்டணத்தை எடுத்து நீட்டினாள். பூசாரி பலவேசம் பிரித்தான். வெள்ளை. "அம்மா, தாயே!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உலகம்மாளும் போட்டுக்கொண்டாள், போட்டுக்கொண்டே அழுதாள்.

மற்றதை எறியக் கை ஓங்கிய பூசாரியிடமிருந்து வடிவம்மாள் அதைப் பறித்துப் பிரித்தாள். அதுவும் வெள்ளை.

"ஏட்டி! அறிவுகெட்டவளே, அதைத் தொடலாமா?" என்று சீறிய நல்லக்கண்ணு, கூட்டம் விழிப்பது கண்டு நொடியில் குரல் மாற்றினார். "பாத்தீகளாலே? அம்மன் சிவப்பையும் வெள்ளையாக்கிட்டா! ஒருதரத்துக்கு ரெண்டுதரம் சொல்லுதா!"

"ஆமா அண்ணாச்சி, தாயி திருவிளையாட்டு!" என்று பலவேசம் உடுக்கையைத் தேடினான். அதையும் நம்பிச் சில கைகள் கன்னத்துக்கு உயர்ந்தன. புழுத்த சோற்றைக் கண் மூடிக்கொண்டு விழுங்குவாரைக் காண்பதுபோல் வடிவம்மாளுக்கு அருவருப்பு மூண்டது. மடியிலிருந்த பொதியை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தாள். எச்சில் ஒழுகும் செவ்வரளி.

"அப்ப இதை எந்தச் சாமி ஒங்க படிக்கத்துல துப்புச்சு? மோந்து பாருங்க, ஒங்க பொயிலை வாசந்தான்."

உலகம்மாள்தான் முதலில் அசைந்தாள். கன்னத்தில் போட்ட கையால் சுவரோரம் கிடந்த மண்வெட்டியைத் தூக்கினாள். "வாங்கலே, கலிங்குக்கு!" அடைப்பு பெயர்ந்ததும், கரையைத் தின்னக் காத்திருந்த வெள்ளம் கல்லின்மேல் நுரைத்து வெளியேறிற்று. குடிசைகள் நின்றன.

தை பிறந்தபோது மேட்டுமடைக்கு நீர் எட்டவில்லை. நல்லக்கண்ணுவின் வயல் பிளந்தது, வடிவம்மாளின் குதிரும் வெறுமையாயிற்று. "ஆச்சி, அன்னைக்கு அம்மனே ஒங்க நாவுல வந்தா" என்று உலகம்மாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நாவில் வரவில்லை என்பதை வடிவம்மாள் அறிவாள். நெல்லையும் குடிசையையும் நிறுத்து நோக்கி, தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, அதற்குத் தெய்வத்தின் பெயரை இடுவார் உலகில் என்றும் உளர். அவர்க்கு எதிரே தெய்வம் எவ்வடிவில் வரும் என்பதை யார் வரையறுக்க வல்லார்?

வெடித்த வயலை நோக்கியபடி நல்லக்கண்ணு வெற்றிலையை மென்று, "எல்லாம் அவ திருவுளம்" என்றார். அடுக்களையில் நின்ற வடிவம்மாளின் குடலில் அந்தப் பழைய குமட்டல் மெல்ல எழுந்தது. குமட்டலாய் வந்தவள் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அதனை அடக்கவில்லை.