சாய்த்து நட்ட கால்கள்

ஷேக் முகைதீன் கட்டிய மூங்கில் பாலத்தை ஜூலை மாதத்தில் இரண்டாவது தடவையாக நாலா, அதாவது ஊர்ச் சாக்கடைக் கால்வாய், அடித்துக்கொண்டு போனது. மராட்டிய ஊரான கட்கியில் கல்யாணத்துக்கும் கணபதி விழாவுக்கும் பந்தல் போடுகிறவர் அவர். ஒவ்வொரு மூங்கில் காலையும் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்துத்தான் நடுவார். முப்பது வருஷத்தில் அவர் பந்தல் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. சாக்கடைத் தண்ணீர் அந்தப் பெருமையை உருவிக்கொண்டு போய்விட்டது.

பெருமை போனால் போகட்டும். நாலாவுக்கு அக்கரையில் ஓர் அறையில் அவர் மனைவி ஜமீலா டியூஷன் நடத்துகிறாள். பத்தொன்பது பிள்ளைகளும் இக்கரை. பாலம் இல்லையென்றால் லாரிகள் ஓடும் சாலையில் முக்கால் மணி நேரம் சுற்றவேண்டும். இன்னொரு தடவை பாலம் போனால் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகப் பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க காத்துக்குக் கட்டுற ஆளு. இது தண்ணில்லா," என்றாள் ஜமீலா. அவள் கையில் ரத்திக்கடையில், பழைய பேப்பர் குவியலில் எடுத்த, அட்டை போன புத்தகம். ரோமானியத் தளபதி ஒருவர் தம் படையெடுப்புகளைத் தாமே எழுதிவைத்த குறிப்புகள். "இதுல ஒரு பாலம் வருது, கேளுங்க."

"எத்தன வருஷத்துப் பாலம்?"

"ரெண்டாயிரம்."

"வாரன்ட்டி முடிஞ்சிருக்குமே."

அவள் சிரிக்காமல் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னாள். ரைன் என்று அகலமான ஆறு, ஆழம், வேகம். பத்தே நாளில் அவர் பாலம் போட்டுப் படையை அக்கரைக்குக் கொண்டுபோனாராம்.

"அவருன்னா யாரு?"

"எழுதினவருதான். தன்னையே அவரு அவருன்னுதான் எழுதுவாரு."

"சம்மட்டி அடிச்சவன் பேரு இருக்கா?"

"இல்ல."

"நம்ம கணபதி மண்டல் விழாக்கமிட்டித் தலைவரு மாதிரிதான். பந்தல் நான் போடுவேன், போர்டுல படம் அவருக்கு."

"பாலத்துக் கால நேரா நடல. சாச்சு நட்டுருக்காரு."

"சாச்சா? பந்தக்காரன் கோணலா நட்டா கட்கியே சிரிக்கும் புள்ள."

ஜமீலா இரண்டு பென்சில்களை எடுத்து, அடி அகன்று தலை ஒன்றையொன்று நோக்கிச் சாயும்படி களிமண்ணில் குத்தினாள். ஒன்று தண்ணீர் போகும் பக்கமாகச் சாய்ந்தது, மற்றது தண்ணீரை எதிர்த்து. இரண்டு தலைக்கும் நடுவே குறுக்காக ஒரு துண்டு ஸ்கேலைச் செருகி நூலால் கட்டினாள். "இப்பத் தண்ணி மாதிரித் தள்ளுங்க."

அவர் தள்ளினார். முதல் பென்சில் ஸ்கேலை அழுத்த, ஸ்கேல் எதிர்ப்பென்சிலை அழுத்த, அது அடியை மண்ணில் ஊன்றிக்கொண்டது. பலமாகத் தள்ளினார். கட்டு இன்னும் இறுகியது. பழைய பாலத்தில் நேராக நின்ற கால் தனியாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டியது. இங்கே தண்ணீரின் பலமே கட்டை இறுக்குகிறது.

"அடப்பாவி, தள்ளுறவனையே காவலுக்கு வச்சுட்டானே," என்றார் முகைதீன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. பழக்கத்தில் அவர் கை தூக்குக்குண்டை எடுத்தது.

"கோணலுக்கு எதுக்கு பாய் குண்டு?" என்றார் கூட வேலை செய்யும் கோவிந்தராஜ். முகைதீன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தளபதி செய்தபடியே பாலத்துக்கு மேல்பக்கம் சற்றுத் தள்ளித் தனியாக நான்கு முளைகளும் அடித்தார்கள். மிதந்து வருகிறவை முதலில் அவற்றில் மோதட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை வெளுத்து வாங்கியது. தண்ணீர் பலகையை நக்கியது. எங்கிருந்தோ ஒரு உடைந்த சோபா வந்தது. சோபா முளையில் மோதி, அரைவட்டம் சுற்றி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பாலத்தின் கட்டுகள் ஒருமுறை நெறுநெறுவென்றன. பிறகு சத்தமில்லை. இறுகிவிட்டது.

மறுநாள் வெள்ளம் வடிந்ததும் அவரே முதலில் நடந்து பார்த்தார். அப்புறம் பத்தொன்பது பிள்ளைகளும் வரிசையாகப் போனார்கள்.

சாயங்காலம் ஜமீலா மிச்சத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள், "அக்கரையில பதினெட்டு நாளுதான் இருந்தாராம். திரும்பி வந்து பாலத்த அவரே உடைச்சிட்டாரு."

முகைதீன் யோசித்தார். அடுத்த மாதம் கணபதி, பந்தலுக்கு மூங்கில் வேண்டும். பாலத்தில் நிற்பவை அவர் கிடங்கிலேயே நல்ல மூங்கில்கள்.

"அவருக்கு அக்கரையில டியூஷன் இல்லல்லா," என்றார். "கணபதிக்கு வேற மூங்கில் பாத்துக்கிடுதேன்."