சின்னவனுக்குச் சொல்லியாச்சா?

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல் ஈரம் படிந்துகொண்டே இருந்தது. மருமகள் முந்தானையால் துடைத்தாள். உள்ளே மாமியாரின் முகம் தெளிந்து, மறுபடி மங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் வெச்சிருக்கறது?" என்றார் மாமியாரின் தம்பி. "சின்னவன் கிளம்பிட்டானா இல்லியா?"

"லைன் கிடைக்கல, மாமா."

சின்னவன் என்றது இவள் புருஷனை. அவன் வெளிநாட்டில் இருப்பதாகப் பேச்சு.

மூத்தவனை ராணுவம் சுட்டது. அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் அரசு அலுவலக வாசலில் போய் உட்காராத மாதமில்லை. "என் பிள்ளையக் கொன்னவன் யாரு?" என்று அவள் கேட்டால் காவல்காரனே தலையைக் குனிந்துகொள்வான். பக்கத்தில் நின்று அவளுக்குக் குடை பிடிப்பார் இயக்கத்துப் பெரியவர்.

சின்னவனுக்குச் சைக்கிள் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இயக்கத்துக்கு இழுக்காதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான், பாவம். ஒருநாள் அந்தியில், "விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று கூட்டிப் போனார் அதே பெரியவர். கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் போனான்.

கதறிய மருமகளின் வாயைப் பொத்தினாள் மாமியார். "நம்ம ஆளுங்கள நாமளே காட்டிக் குடுக்கறதா? அவங்க செஞ்சா ஒரு காரணம் இருக்கும்டி. வெளிநாடு போயிருக்கான்னு சொல்லு."

சொன்னார்கள். சொல்லச் சொல்ல அந்த வெளிநாட்டில் பனி பெய்தது, சம்பளம் ஏறியது, லீவுதான் கிடைக்கவே இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் இரண்டு பெண்களும் சட்டென்று எழுவார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்துகொள்வார்கள்.

இப்போது பெரியவர் இயக்கக் கொடியோடு வந்தார். "வீரனப் பெத்த வயிறு" என்று தழுதழுத்துப் பெட்டிமேல் விரித்தார். முகம் மறைந்தது. பிறகு மருமகளிடம் திரும்பி, "சின்னவனுக்குச் சொல்லியாச்சாம்மா?" என்றார்.

அவர் கண்ணில் சூதில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது. 'லீவு கிடைக்கலியாம்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனி அவனைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஆளிருக்காது.

"நீங்கதான் சொல்லணும், அண்ணே. அவர் இருக்கற இடம் உங்களுக்குத்தான தெரியும்?"

"சாவு வீட்டுல என்னம்மா..." என்று தொடங்கிய மாமா முடிக்கவில்லை.

"இது அதுக்கு நேரமில்ல, தங்கச்சி."

"மூத்தவருக்காக அத்தை நேரம் பாத்தா கேட்டாங்க? நீங்கதான குடை புடிச்சீங்க."

பெரியவர் வாசலுக்கு நடந்தார். எதிர்வீட்டுத் தையல்காரக் கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, அப்படியே என் மகனையும் கொஞ்சம் விசாரிங்க. அவனும் அதே வெளிநாடுதான்."

அவர் குனிந்து வாசல் குவியலில் தன் செருப்பைத் தேடினார். அது காலடியிலேயே கிடந்தது. தேடிக்கொண்டே இருந்தார்.