மூழ்கிய மிதவை

என் கணவர் இறந்த மறு ஆண்டு, அவருடைய பழைய காரைப் பழங்கார் அணிவகுப்பில் ஓட்டுவதாகப் பெயர் கொடுத்திருந்தேன். அணிவகுப்பு நாள் காலை பார்த்து வண்டி கிளம்பவில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை மிதவை ஓட்டையாகி, பெட்ரோல் புகுந்து மூழ்கிவிட்டது என்றார் மெக்கானிக்.

“புதுசு போட்டா பத்து நிமிஷ வேலை, அக்கா,” என்றான் கூட வந்திருந்த என் தம்பி.

“இப்படியே ஒவ்வொண்ணா மாத்திட்டே போனா உன் மச்சான் வண்டில நம்பர் பிளேட்டுதான்டா மிஞ்சும்.”

மிதவையில் பழைய ஓட்டையை அடைக்க என் கணவர் எப்போதோ பற்றவைத்த ஈயப்பற்று நகமளவு தடித்திருந்தது.

“பத்தவைக்கச் சொன்னா மச்சான் அப்பி வச்சிருக்காரு. அதான் விட்டிருக்கும்.”

ஓட்டை எங்கே என்று பார்க்க மெக்கானிக் மிதவையை வெந்நீரில் அமுக்கினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். குமிழிகள் சரசரவென்று கிளம்பின. ஆனால் என் கணவர் வைத்த பற்றிலிருந்து அல்ல, எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து.

“சார் வச்சது அசையவே இல்லம்மா. இது புது ஓட்டை.”

மெக்கானிக் உள்ளிருந்த பெட்ரோலை வடித்துக் காயவைத்து, அந்த ஓட்டையில் ஒரு துளி ஈயம் வைத்து மாட்டினார். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“வழியில மறுபடி மூழ்கினா என்னக்கா பண்றது?”

“வெந்நீர் வைக்க நீ இருக்கியே. ஏறுடா, நேரமாச்சு.”