லேக் வியூ ரோட்டு ஏரி

ஸ்தனிஸ்லாஸ் மறுபடியும் கட்டிலிலிருந்து காலைக் கீழே போடப் பார்த்தார். அல்போன்சா ஓடிவந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஆக்சிஜன் குழாய் மூக்கை விட்டு நழுவிக் கன்னத்துக்குப் போயிருந்தது.

"எங்க எழுந்துக்கறீங்க? படுங்க."

"ஏரியில தண்ணி இருக்கா?"

"முதல்ல மூச்சு விடுங்க."

"தண்ணி இருக்கான்னு கேட்டேன்."

அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சந்திரிகா அந்தப் பக்கமிருந்து தோளைத் தாங்கிப் படுக்க வைத்தாள். விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கியிருந்தது. அது மெதுவாக ஏறும்வரை அல்போன்சா முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. காலையில் வந்த டாக்டர், இன்றைக்கோ நாளைக்கோ என்றும், ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைக்கழிக்க வேண்டாம் என்றும், ஆனால் பதற்றப்பட விடக் கூடாது, மூச்சு திணறிவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இந்த மனுஷன் ஏரியைக் கேட்டல்லவா பதறுகிறார்.

ஏரிக்கு எங்கே போவது? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் தி. நகர்வரை கிடந்த ஏரியைத் தூர்த்து மனை போட்டு இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவர்கள் சாந்தோமில், கடல் காற்று வரும் வீட்டில் இருந்தார்கள். கோயில் கூப்பிடு தூரம். அதை விட்டுவிட்டு, ரோட்டின் பெயர் பிடித்துப்போய் இங்கே முதல் மாடியில் ஃபிளாட் வாங்கினார். உலகத்தில் வேறு யாராவது இப்படி வீடு வாங்குவார்களா? காலேஜில் ஆங்கில ரொமாண்டிக் கவிதை நடத்துகிற வாத்தியார்தான் வாங்குவார். ரொமாண்டிக் என்றதும் கல்யாணத்துக்கு முன்னால் அவளும் என்னமோ நினைத்திருந்தாள். மலை, மேகம், ஏரி என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏரி எங்கங்க?" என்று பால் காய்ச்சிய அன்றைக்கே கேட்டாள்.

"இருந்ததுல்ல? போதும்" என்றார்.

அவள் கணக்கு டீச்சர். இருந்தது வேறு, இருக்கிறது வேறு. அந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை.

"ஃபாதர் வரட்டும், அவஸ்தை குடுத்துடட்டும்" என்றாள் சந்திரிகாவிடம்.

"இன்னாம்மா இது, அவரு பட்டுக்கினு கீற அவஸ்தை பத்தாதா?"

"அது இல்லடி. சாகப்போறவங்களுக்கு எண்ணெய் பூசி மந்திரிக்கிறது. எங்கள்ல அதுக்குப் பேரே அவஸ்தைதான்."

ஜேக்கப் ஃபாதர் வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். ஸ்தனிஸ்லாஸ் கண் திறந்து, ஏரி தெரிகிறதா என்று அவரையும் கேட்டார். "பரலோகத்துல எல்லாம் தெரியும் சார்" என்றார் ஃபாதர். ஸ்தனிஸ்லாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அல்போன்சாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மரணம் வேண்டுமென்று தினமும் சூசையப்பரைக் கேட்டுக்கொள்கிறவள் அவள். தனக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் கேட்பாள். கோபத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு போவதா நல்ல மரணம்?

மத்தியானம் மகன் டெரிக் பெருங்குடி ஆபீசிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். நேரே கட்டிலருகே போய் உட்கார்ந்தான்.

"டாடி, ஏரியில தண்ணி இருக்கு டாடி. ஃபுல்லா இருக்கு. ப்ளூ கலர்ல சூப்பரா இருக்கு."

"ப்ளூவா?"

"ஆமா டாடி."

"நம்ம ஊர் ஏரி என்னைக்குடா ப்ளூவா இருந்தது? காலண்டரப் பாத்து சொல்றான்." அதோடு இருமல் வந்து, மூச்சு இழுத்து, எண் மறுபடி இறங்கியது. டெரிக் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. இருக்குன்னு ஒரு வார்த்தை. என்ன குறைஞ்சிடும்?"

"எனக்குப் பொய் வராதுடா. வந்தாலும் அவர் கண்டுபிடிச்சிடுவார்."

கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வரும் மாணவர்களுக்கு அவர் முதலில் சொல்வதே அதுதான். "கற்பனைன்னா இல்லாததைச் சொல்றதுன்னு நினைச்சிட்டிருக்கீங்க. பாத்ததைத்தான் சொல்லணும். ஆனா பாத்த அன்னைக்கே சொல்லாதீங்க. மாவு அரைச்ச உடனே சுட்டா இட்லி வருமா? மனசுல கிடந்து புளிக்கணும்." பசங்கள் அவருக்கு மாவு சார் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அரைத்தவள் உள்ளே நின்று கேட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"அல்போன்சா."

அவள் கட்டிலருகே போனாள்.

"நீ பாத்து சொல்லு. உனக்குத்தான் பொய் வராது."

அவள் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க் கம்பியைப் பிடித்தாள். எதிரே புது அபார்ட்மெண்ட், குறுக்கே ஒயர்கள், கீழே தண்ணி லாரி. பார்க்கிங்குக்காக யாரோ இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொன்னால் அதோடு போய்விடுவார். இருக்கிறது என்று சொன்னால், அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு பொய்யாக இருக்கும். அவர் சாகப்போவது காலையிலேயே தெரிந்துவிட்டது. அதைவிட இந்தக் கேள்விதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

லாரிக் குழாய் தொட்டியிலிருந்து நழுவிவிட்டது. தண்ணீர் ரோட்டில் கொட்டி, மண்ணைக் கரைத்துக்கொண்டு கிழக்கே, தாழ்வான பக்கமாக ஓடியது. அல்போன்சா அதையே பார்த்தாள்.

வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் வந்து நின்றது. அன்றைக்கு முழுவதும் கீழ் வீட்டு நஸ்ருன்னிசாவின் அரிசியையும் தையல் மெஷினையும் மேலே ஏற்றியே அவளுக்கு இடுப்பு ஒடிந்தது. இந்த மனுஷன் இதே இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வந்தவள், பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்போது பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவர் கட்சி ஜெயித்துவிடும்.

"தண்ணி இருக்கு" என்றாள், திரும்பாமல்.

உள்ளேயிருந்து "என்ன கலர்?"

"டீ கலர். பால் கம்மியா ஊத்தின டீ."

"ம்." சரியான பதிலுக்கு அவர் போடும் 'ம்' அது.

"எதுவரைக்கும்?"

"எதிர் வீட்டுக் காம்பவுண்டு முழுகிடுச்சு. கேட்டுக் கம்பி மட்டும் மேல நிக்குது. அதுல ஒரு பறவை. உக்காந்திருக்கறப்ப பழுப்பா இருக்கு. இப்ப பறக்குது. பறந்தா வெள்ளையா இருக்கு." சற்றுத் தயங்கினாள். "பொய் மாதிரி இருக்கும். ஆனா அப்படித்தாங்க இருக்கு."

"மடையான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். முழு மார்க் போடுகிற குரல். "அப்படித்தான் இருக்கும். வேற?"

"காத்து கடல் பக்கத்துலேர்ந்து வருது. தண்ணி மேல சுருக்கம் சுருக்கமா போகுது. கரண்ட் இல்ல. ஊரே சத்தமில்லாம இருக்கு."

"வேற?" குரல் இழைபோல இருந்தது.

"நீங்க நிக்கிறீங்க. பனியன் நனைஞ்சிருக்கு. தண்ணியோட வெளிச்சம் உங்க மூஞ்சில ஆடுது. திட்டணும்னுதான் வந்தேன். திட்டல. அழகா இருக்கீங்க."

இத்தனை வருஷத்தில் அவரிடம் சொல்லாதது. விட்டால் அழுதுவிடுவோம் என்று மேலே சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு அவள் பார்த்ததெல்லாம் சொல்லி முடிந்துபோயிருந்தது. ஆனாலும் இன்னும் தெரிந்தது.

"எதிர் வீடு இல்லைங்க இப்போ. அதுக்குப் பின்னாடியும் தண்ணிதான். ரயில் லைனத் தாண்டிப் போகுது. ரங்கநாதன் தெரு, பனகல் பார்க், எதையும் காணோம். எல்லாம் அடியில கிடக்கு. மேல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. ஆம்பல் பூத்திருக்கு அங்கங்க."

உள்ளே ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல் நின்றது. சந்திரிகா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். டெரிக் பால்கனிக்கு வந்து அவள் தோளில் கை வைத்தான். கை கனமாக இருந்தது.

"அம்மா."

அவள் திரும்பவில்லை.

"அம்மா, போதும்மா. உள்ள வாங்க."

"இருடா" என்றாள் அல்போன்சா. "அக்கரை இன்னும் சொல்லல."

தி. நகர்ப் பக்கம் கையை நீட்டி, உள்ளே கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.