பூட்டில்லாத சர்வர்

ஆஃபீஸில் அவளைக் கறார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை, எழுதிய மருந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி எல்லாம் நோயாளி அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே போய்ச் சேர வேண்டும். அதற்கான மென்பொருளைத்தான் அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு பொய் ஆஸ்பத்திரி வேண்டுமே? அதைக் கறார் தன் மேஜைக்கடியில் வைத்திருந்தாள். பேட்டரி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப், அதில் ஒரு சின்ன சர்வர். கண் சிமிட்டும் நேரத்தில் எழுந்துகொள்ளும். எதையும் சேமித்து வைக்காது. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பாஸ்வேர்டு கிடையாது. கூட வேலை செய்யும் வெளிக் கம்பெனிக்காரர்களும் நினைத்தபோது உள்ளே வந்து போகலாம். சோதிக்கிற இடம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

உள்ளே இருந்த நோயாளிகள் அத்தனை பேரும் கற்பனை. கறாரும் அவள் அக்காவும் சேர்ந்து உண்டாக்கியவர்கள். அக்கா வார்டில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து, வீங்கின காலை நாற்காலி மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஆள் ஆளாக எடுத்துவிடுவாள்.

"ஒரே எழுத்துல பேர் இருக்கிற அம்மா ஒருத்தங்களைப் போடுடி. உன் சாஃப்ட்வேர் முழிக்கட்டும்."

"போட்டாச்சு. அடுத்து?"

"செத்துப் போனவர் ஒருத்தர். ஒரு ஆஸ்பத்திரிக்குத் தெரியும், இன்னொண்ணுக்குத் தெரியாது."

இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை. அவள் வார்டில் இறந்துபோன ஒருவருக்கு, அடக்கம் முடிந்த கையோடு, கண் கிளினிக்கிலிருந்து மறக்காமல் வரச்சொல்லி மெசேஜ் போயிருந்தது. அவர் மனைவி ஃபோனை எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டாள்.

"அவரை எங்கேருந்து கூட்டிட்டு வரட்டும் சிஸ்டர்னு கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

கறார் அந்த ஆளுக்குச் 'செத்தும் சாகாதவர்' என்று பெயர் வைத்து சர்வரில் ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்று மென்பொருளைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், மேனேஜர் அவள் மேஜை மேல் ஒரு பென் டிரைவை வைத்தார்.

"உன் பொம்மைக் கூட்டத்தைக் காலி பண்ணிட்டு இதை ஏத்து. நிஜப் பேஷண்ட்ஸ். அவங்க ரெக்கார்டு செக்‌ஷன்லேயே வாங்கிட்டேன். பார்க்க அசலா இருக்கும்ல?"

"அவங்க டைரக்டருக்குத் தெரியுமா சார்?"

"தெரிஞ்சவர் மூலமா வாங்கினது. அந்த ஆராய்ச்சி எல்லாம் உனக்கெதுக்கு?"

"அப்ப ஏத்த மாட்டேன். இந்த சர்வருக்குப் பூட்டே கிடையாது. அவங்களை நடுரோட்டுல கட்டில் போட்டுப் படுக்க வைக்கிற மாதிரி ஆயிடும்."

"ஒரு நாள்தானேம்மா?"

"மானம் போக ஒரு நாள் எதுக்கு சார்?"

மேனேஜர் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் திரையில் தெரியாத பெயர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவன், ஆஃபீஸில் எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவன், நிமிர்ந்து பார்க்காமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் பெயர் ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. அவள் வீடிருக்கும் தெரு வழியாகத்தான் கறார் தினமும் வருகிறாள். கீழே, அந்தப் பெண் தன் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றிய ஒன்று, தேதியோடு இருந்தது. அதற்கு மேல் கறார் படிக்கவில்லை. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தாள். ஒரு வெளிக் கம்பெனி இணைப்பில் இருந்தது.

மேஜைக்கடியில் குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்ணிட்டே!" மேனேஜர் ஓடிவந்தார். "அவங்க இதோ வந்துடுவாங்க!"

"வரட்டும். என் ஆளுங்க அதுக்குள்ள வந்துடுவாங்க."

உடனே வெளிக் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். அவர்கள் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்ததோடு சரி, தகவல் எதையும் எடுக்கவில்லை. உறுதி செய்துகொண்ட பிறகுதான் தண்ணீர் குடித்தாள். பிறகு வயரைச் செருகித் தன் கற்பனை மனிதர்களை ஏற்றினாள்.

குழுமத்தின் டைரக்டர் ஒரு டாக்டர் அம்மா. அதிகம் பேசாதவர். எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில் அவரே பட்டியலில் விரல் வைத்து, "இது யாரு, செத்தும் சாகாதவர்?" என்றார்.

திறந்தார்கள். இறந்த தேதி சரியாக வந்து சேர்ந்திருந்தது. அடுத்த நொடி, அதே ஆளுக்கு 'நாளை மறக்காமல் வாருங்கள்' என்று மெசேஜ் கிளம்பியது.

"இது சும்மா டெஸ்ட் டேட்டா மேடம்," என்றார் மேனேஜர். "நிஜத்துல இப்படி வராது."

"வரும் மேடம். வந்திருக்கு," என்றாள் கறார். அக்கா சொன்னதைச் சொன்னாள். டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் நிஜப் பேஷண்ட்ஸை வெச்சுக் காட்டலை?"

"நாங்க அதையெல்லாம் தொடறதே இல்லை மேடம்," என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"தொட்டோம்," என்றாள் கறார். "காலையில உங்க பேஷண்ட்ஸ் இதுல இருந்தாங்க. நான்தான் அழிச்சேன்."

தாடி எழுந்தான். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து டாக்டர் அம்மா முன்னால் வைத்தான். "ஏத்தினது நான்," என்றான்.

டாக்டர் அம்மா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "எங்க ரெக்கார்டு செக்‌ஷனை நான் பார்த்துக்கிறேன். செத்தவருக்கு மெசேஜ் போறதை நீங்க நிறுத்துங்க. அப்புறம் பேசலாம்."

அவர்கள் போனதும் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"வெளி ஆளுங்க முன்னாடி கம்பெனி மானத்தை வாங்கிட்டே. தப்புன்னு எழுதிக் குடு. இல்லைன்னா இங்கே இருக்க முடியாது."

"எழுத மாட்டேன் சார். அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. காரணத்தை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதிடுங்க."

அந்தக் காரணத்தை எந்த லெட்டர்ஹெட்டில் எழுதுவது? முதலாளி பேனாவை மூடி வைத்தார். "சரி, அந்த சர்வருக்காவது ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தொலை."

"போட மாட்டேன். போட்டா அடுத்த தடவை தைரியமா நிஜ ஆளுங்களை ஏத்துவாங்க."

வேலை போகவில்லை. டீம் லீடர் பொறுப்புப் போனது. மேனேஜர் அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம் அவளுக்குச் சொல்லச் சொன்னார். அவளும் அவர்கள் வழியாகவே பதில் சொன்னாள். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர்கள் அவளும் தாடியும்தான்.

குழுமத்துக்காரர்கள் மறுபடி வந்தபோது அவளை அறைக்குள் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தன் சீட்டில் உட்கார்ந்து, இரட்டைக் குழந்தைகள் இருவரைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கைதட்டல் கேட்டது. தாடி வெளியே வந்தான்.

"மெசேஜ் போகலை. கையெழுத்துப் போட்டுட்டாங்க. எல்லாரும் ஃபோட்டோவுக்கு நிக்கிறாங்க, உங்களையும் முதலாளி வரச்சொன்னார்."

"எழுதிக் குடுன்னு என்னைக் கேட்டாரே, அது தப்புன்னு சொல்லச் சொல்லு. வரேன்."

தாடி உள்ளே போனான். கண்ணாடி வழியாக முதலாளியின் முகம் சுண்டுவது தெரிந்தது. திரும்பி வந்த தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்த தேதியா?" என்றான் திரையைப் பார்த்து.

"ஒரே தேதி. ஒரே இனிஷியல். ஒருத்திக்கு மட்டும் பென்சிலின் ஆகாது."

உள்ளே அவர்கள் இருவரும் இல்லாமலே ஃபோட்டோ எடுத்து முடித்தார்கள்.