தகரத்தில் ஒரு குழி

ஓடையிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது பொலிகார்ப்போவின் இடது முழங்கால் நறநறவென்றது. பலகை மேடைமேல் நின்ற சிந்துல்போ வாளியை வாங்கிப் பீப்பாயில் கொட்டினான். பீப்பாயின் அடியிலிருந்து ரப்பர் குழாய் இறங்கி, ஜாக்கியில் தூக்கி வைத்திருந்த டிராக்டர் சக்கரத்துக்குள் போயிற்று. காற்றடிக்கும் வாய் உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"இந்த டிராக்டர் மாடு நம்மளவிட நல்லாத் தெரெரே குடிக்குதுண்ணே!" என்றான் சிந்துல்போ.

"குடிக்கட்டும்டா. தெரெரே இலையும் ஐஸும் புதினாவும்தான் போடலை."

மூன்று வருஷமாக உழவு மாதத்தில் பொலிகார்ப்போவுக்கு ஒரே வேலைதான். ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு மேலே, ஒரு தகரத்தைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். செம்மண் சேற்றில் சக்கரம் வழுக்காமல் இருக்க அவனும் சிந்துல்போவும் அதன்மேல் பாரமாக உட்காருவார்கள். கரும்பு எடை மேடையில் ஏறி நின்றால் பொலிகார்ப்போ நூற்றுப் பத்து கிலோ. கரும்பு வெட்டக் குனிய முழங்கால் விடாது, உட்கார விடும். "கூடக் கொஞ்சம் மரவள்ளி தின்னு, உன் வயிறுதான் நம்ம வயல்" என்பாள் மனைவி எலிஹியா.

முதலாளி தோன் அனிசேத்தோ சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "டவுன் டயர்க் கடைக்காரன் சொன்னான். சக்கரத்துக்கு எரநூத்தம்பது லிட்டர் தண்ணி, அதுவே பாரம். அப்புறம் எந்தச் சேத்துலயும் வழுக்காதாம்."

"அப்ப ஒரு சக்கரத்துல ரெண்டு பொலிகார்ப்போ, மேல ஒரு காலு," என்றான் சிந்துல்போ. "அண்ணே, உனக்குச் சக்களத்தி வந்துட்டா."

"வரட்டுமேடா. ஓடையோரப் பள்ளத்துல வழுக்கும் பாரு. அங்க பாரம் மட்டும் பத்தாது, சாயற பக்கம் சாஞ்சு குடுக்கணும். தண்ணிக்குச் சாயத் தெரியுமா?"

தோன் அனிசேத்தோவே சிரித்துவிட்டார். "சரி, அந்தப் பள்ளத்துலயே ஓட்டிப் பாக்கலாம். வழுக்குச்சுன்னா நீ மேல ஏறிக்க." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

முதல் சக்கரம் முடிந்து இரண்டாவதில் பாதி ஏறியிருந்தது. சிந்துல்போ மேலிருந்து குனிந்தான். "அண்ணே, இதோட மூடிடு. உள்ள எவ்வளவு இருக்குதுன்னு எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

பொலிகார்ப்போ குழாயைக் கழற்றினான். உள்ளே அடைபட்ட காற்று புஸ்ஸென்று வந்தது, தண்ணீர் வரவில்லை; இன்னும் வாய்வரை நிறையவில்லை. சுண்டுவிரல் நீள மூடி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. பையைத் தடவினான். பிறகு குழாயைத் திரும்பச் செருகினான்.

"ஒரு பக்கம் கனம் குறைஞ்சா வண்டி இழுத்துட்டுப் போகும். நான் செஞ்ச வேலைன்னு சொல்ல வெக்கமா இருக்கும்டா. போ, நீயும் ரெண்டு வாளி கொண்டா."

கடைசி முறை குழாயைக் கழற்றியபோது தண்ணீர் பீய்ச்சி அவன் முகத்திலும் வாயிலும் அடித்தது. சிந்துல்போ மேடையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொலிகார்ப்போ துப்பிவிட்டு, "ரப்பர் வாசனைடா, எலிஹியா சூப்பு மாதிரி" என்று சொல்லி மூடியைத் திருகி, காற்றும் அடித்தான்.

மதியத்துக்கு மேல் தோன் அனிசேத்தோ வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். கலப்பை மண்ணைக் கவ்வியது. வண்டி ஒரு கணம் தயங்கியது. கரையில் நின்று பார்த்த பொலிகார்ப்போவின் இடுப்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. சக்கரம் அழுந்தி, வழுக்காமல், மேடேறி அந்தப் பக்கம் போய்விட்டது.

முதலில் கைதட்டியவன் பொலிகார்ப்போதான். "என்ன இழுப்பு இழுக்குது பாத்தியா! எல்லாம் என் கை நிரப்பினது!"

தோன் அனிசேத்தோ இறங்கிவந்து அவன் தோளை அணைத்துக்கொண்டார். "தங்கமான வேலைப்பா. சிந்துல்போ, நாளையிலிருந்து கரும்பு வெட்டுக்கு வா. பொலிகார்ப்போ, உழவு முடிஞ்சதும் சக்கரத்துத் தண்ணியத் திறந்துவிட ஆள் வேணும், அப்ப சொல்லி அனுப்பறேன். அந்தத் தகரத்தக் கழட்டிடு. வேணும்னா எடுத்துக்க."

நான்கு போல்ட்டையும் கழற்றித் தகரத்தைப் புல்லில் போட்டான். வலப்பக்கம் அவன் உட்கார்ந்த இடம் அகலமாகக் குழிந்திருந்தது.

"அண்ணே, கோழிக்கூண்டுக்குக் கூரையாகும்," என்றான் சிந்துல்போ. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"கூரை எங்கடா, தொட்டிதான் ஆகும்."

பொலிகார்ப்போ கடைசி வாளியில் மீந்திருந்த தண்ணீரைக் குழியில் கவிழ்த்தான். தண்ணீர் ஒரு பக்கமும் வழியாமல் நிறைந்து நின்றது. முதலாளி வீட்டுக் கோழி ஒன்று ஓடிவந்து, அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடிக்கத் தொடங்கியது.