உறையாத தரை

எங்கள் ஊர் ஸ்கேட்டிங் அரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் பனித்தரை போட்டவன் நான். ஏட்ரியன் தாக்ரே அதில் முதன்முதலில் விழுந்து எழுந்தபோது அவனுக்கு ஏழு வயது. பின்னால் உலகப் பட்டம் வாங்கினான். பட்டம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இவன் பனியின் மேல் நடனம் ஆடினான். கையைத் தோளுக்கு மேல் தூக்குகிறான் என்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். ஆம்பிளை அப்படி ஆடக் கூடாதாம். மூன்று வருஷம் குறைத்தும் இவன் கையை இறக்கவில்லை. கடைசியில் அந்த மடையர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எண்பத்தெட்டு பிப்ரவரியில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். எய்ட்ஸ். ஊரே வாயில் போட்டு மென்றது. மீன் வறுவல் கடை வரிசையில் என் பின்னால் வந்து நின்றான். ஓவர்கோட்டுக்குள் ஆளே இல்லை.

"வில்ஃப், ஒரு கால் மணி நேரம் தரை வேணும். காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி. அடுத்த மாசம் இந்தக் கால் நிக்குமான்னு தெரியல."

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வா தம்பி. கண்ணாடி மாதிரி போட்டு வைக்கிறேன்."

"சின்ன வயசுலயும் இதையேதான் சொல்வீங்க. ஒரு நாளாவது மேடு பள்ளம் இல்லாம இருந்திருக்கா?"

வறுவல் வாங்கி வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே தன் பொட்டலத்தை நீட்டினான். வயிறு சரியில்லை என்று சொல்லி நான் எடுக்கவில்லை.

அரங்க மேனேஜர் பெல்லமி ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"விழுந்து ரத்தம் பட்டா எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவா? வரச் சொன்னது நீங்க. நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க."

பழியை அவர் மேல் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைவிட, அவன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே போய், தரையை உறைய வைக்கும் குளிர் மெஷினை நிறுத்தினேன். தரை முழுக்கச் சுடுதண்ணீரை விட்டேன்.

ஆறு அடிக்குமுன் வந்தான். மூச்சு வாங்க உட்கார்ந்து, ஸ்கேட்டைப் போட்டு நாடா கட்டவே பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகுதான் தரையைப் பார்த்தான்.

"தண்ணி அதிகமா விட்டுட்டேன் தம்பி. உறையல."

"பரவாயில்ல, உறையட்டும்."

ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தான். நான் கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் நின்றதில்லை.

"வில்ஃப்," என்றான் மெதுவாக. "சின்னப் பிள்ளையிலருந்து இங்க அந்த மெஷின் சத்தத்துலதான் ஆடியிருக்கேன். இன்னைக்கு சத்தமே கேக்கலையே."

 அவன் குனிந்து நாடாவை அவிழ்த்தான். எழுந்து வந்து கையை நீட்டினான். கம்பளிக் கையுறை.

"போட்டுக்கிட்டுதான் வந்தேன், வில்ஃப்."

"என் கை ஈரமா இருக்கு தம்பி."

என் கை காய்ந்துதான் இருந்தது. அவன் அதையும் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு, ஸ்கேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. ஏப்ரலில் செத்துப்போனான்.

அன்றைக்கு அவன் கதவைத் தாண்டியதும் மெஷினை ஓடவிட்டேன். ஒன்பது மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தபோது தரை கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது.